பதினான்கு பேருக்கு அனுப்பட்டுமா

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் அந்தப் பௌர்ணமி நாளில் வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த போன் மேலா, அதில் இருக்கும் ஏஐ உதவியாளரை என் காலண்டரோடு இணைத்துக் கொடுத்த மகள் மேலா, இல்லை, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிய என் மேலேயேவா. யோசித்துப் பார்த்தால் கடைசியில் சொன்னதுதான் உண்மை.

முதலில் இருந்து சொல்கிறேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் ஒரு ஹாலும் மூன்று அறைகளும். அறைகளில் ஆட்கள் வந்து தங்குவார்கள். சிலர் ஒரு நாள் தங்குவார்கள், சிலர் மூன்று மாதம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் எப்போது வருகிறார்கள் என்பதை நான் மனதிலேயே வைத்திருந்தேன். ஒருமுறை ஒரே அறையை, ஒரே தேதிக்கு, ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கும் கல்கத்தாவில் இருந்து வந்த புருஷன் பெண்டாட்டிக்கும் கொடுத்துவிட்டேன். மூன்று பேரும் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். அந்த அம்மாவை எங்கள் படுக்கையறையில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மாடி ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டோம். அதைக் கேள்விப்பட்டதும் பெங்களூரில் இருக்கும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டு, போனில் ஆன்லைன் காலண்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அதிலும் நான் பாதி நாள் எழுத மறந்துவிடுவேன். அப்புறம்தான் அந்த ஏஐயை அதோடு இணைக்கலாம் என்றாள். வீடியோ காலில் அவள் அங்கே இருந்து சொல்ல, நான் இங்கே அமுக்கிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் அது அனுமதி கேட்டது. காலண்டரைப் பார்க்கலாமா, அதில் எழுதலாமா, எழுதியதை மாற்றலாமா, மற்றவர்களுக்கு உங்கள் பெயரில் அழைப்பு அனுப்பலாமா என்று நான்கு கட்டம்.

"எல்லாத்துக்கும் டிக் பண்ணும்மா. இல்லன்னா பாதி வேலைதான் செய்யும்," என்றாள் மகள்.

நான்கையும் டிக் செய்தேன். வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போதுகூட நான் அவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

மறுநாள் காலை அது பேசியது. "வணக்கம். இன்று உங்களுக்கு இரண்டு நிகழ்வுகள் உள்ளன. பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை நீங்கள் ஓய்வாக இருக்கிறீர்கள்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து, "யாரு, கலெக்டர் ஆபீஸ்ல இருந்தா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒன்றில் இருந்து மூன்று வரை ஓய்வாம். அந்த நேரத்தில்தான் நான் மூன்று அறைப் படுக்கை விரிப்புகளை மொட்டைமாடியில் இருந்து எடுத்து மடித்து, மதியப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பேன். அதைச் சொல்லி அதைத் திட்டினேன். அடுத்த நாள் அந்த இரண்டு மணி நேரத்தில் 'விரிப்பு மடித்தல், பாத்திரம்' என்று போட்டிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் ஒரு பெயர் வைத்ததில்லை. அன்றைக்கு முதல் அதோடு எனக்கு நல்ல சிநேகம்.

அந்தச் சமயத்தில் என் மகள் ஏழு மாதம். அவளுடைய ஸ்கேன் தேதி, டாக்டரைப் பார்க்கும் தேதி எல்லாம் அதே காலண்டரில் நீல நிறத்தில் இருக்கும். காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த நீலத்தைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்தத் தடவை ஐந்தாம் மாதம் தாண்டும்வரை நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். மலை சுற்றி வந்து வேண்டாத சாமி இல்லை. வீட்டில் பல்லி கத்தினால்கூட எந்தப் பக்கம் கத்தியது என்று பார்த்தேன்.

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். என் அக்காவிடம் நான் செய்ததற்கும் இதுதான் காரணம்.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே அவள் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார நர்ஸ். சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்த காலத்தில் இருந்து, கையில் டேப்லட் வைத்துக்கொண்டு கர்ப்பிணிகள் விவரத்தைப் பதிவு செய்யும் காலம் வரைக்கும் பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனாள். சுற்று வட்டாரத்தில் அவள் கையில் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று அவளுக்கே கணக்கு இல்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் வேலையில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்தான். இரண்டு வருடம் முன்னால் அந்தப் பிள்ளை கலைந்தபோதும், அழுதுகொண்டே வெளியே ஓடிவந்துவிட்ட என்னை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் மகளோடு கடைசிவரை நின்றவள் அவள்தான்.

அதற்கு ஆறு மாதம் கழித்து அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, போய்விட்டார். பத்தாம் நாள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அக்காவின் வளையலை உடைத்தபோது நான் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வளைகாப்பில் தாலி கட்டிய, புருஷன் உயிரோடு இருக்கிற பெண்கள்தான் வளையல் போடுவார்கள். புருஷனை இழந்தவர்களைக் கூப்பிடுவார்கள், அவர்களும் வருவார்கள், ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். நானும் அதைச் சொல்லாமல்தான் இருந்திருப்பேன், அந்த போன் இல்லாவிட்டால்.

பௌர்ணமி அன்று காலை. சாயங்காலம் மூன்று அறைக்கும் ஆள் வருகிறார்கள். நான் அடைக்கு அரைத்த மாவைக் கிரைண்டரில் இருந்து வழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மாவு. வளைகாப்பு ஞாபகம் வந்ததும், மறப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று மேடையில் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். தட்டு எடுத்துப் போய் முறையாக அழைப்பது அப்புறம். இப்போதைக்குத் தேதி மட்டும் எல்லாருக்கும் தெரிந்தால் போதும் என்பதுதான் என் நினைப்பு.

"அமாவாசை கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி. பொண்ணுக்கு வளைகாப்பு, நம்ம வீட்டு மாடி ஹால்ல," என்று தொடங்கி, ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். முதலில் மகள். வளையல் போடுகிறவர்கள் ஏழு பேர். கலந்த சாதம் கிளறிக் கொண்டுவருகிறவர்கள், தாம்பூலப் பை போடுகிறவர்கள் ஐந்து பேர். எல்லாம் ஏற்கெனவே போனில் இருக்கிற ஆட்கள்தான். கடைசியில் அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, குரலைக்கூடத் தாழ்த்தி, "அவங்க சாப்பாட்டுக்கு மட்டும். வளையல் வேணாம்," என்றேன்.

யாரிடம் குரலைத் தாழ்த்தினேனோ தெரியவில்லை. சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அது எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு, "பதினான்கு பேருக்கு அழைப்பு அனுப்பட்டுமா? நிகழ்வின் விவரங்கள் முழுவதும் அவர்களுக்குத் தெரியும்," என்று கேட்டது. பொய் சொல்லக் கூடாது, கேட்டது. அந்த நேரம் பார்த்து கேஸ்காரர் வாசலில் மணி அடித்தார். நான் மாவுக் கையோடு ஓடிக்கொண்டே, "அனுப்பு, அனுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சிலிண்டரை வாங்கி உள்ளே உருட்டிவிட்டு வந்தால் மகளிடம் இருந்து கால்.

"அம்மா, என்னம்மா எழுதியிருக்க?"

"என்ன எழுதியிருக்கேன்? தேதிதான் எழுதினேன்."

"பெரியம்மா பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கன்னு நீயே பாரு. எல்லாருக்கும் போயிருக்கும்மா. பெரியம்மாவுக்கும் போயிருக்கு."

அவள் குரல் உடைந்துவிட்டது. மாசமாக இருக்கிறவளை அழவைத்துவிட்டேன். போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பளிச்சென்று, அச்சடித்த மாதிரி, கடைசி வரியாக இருந்தது. அக்காவின் பெயர். சாப்பாட்டுக்கு மட்டும். வளையல் வேண்டாம். பதினான்கு பேர் கையிலும் இந்நேரம் அது இருக்கும். என் மாமியாரின் தங்கை, அந்தச் சின்ன மாமியார் கையில் இருக்கும். அவர் அதைப் படித்துச் சரிதான் என்று தலையாட்டியிருப்பார். அடி அண்ணாமலையில் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்திருப்பாள்.

உடனே அக்காவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. நான்காவது தடவை போட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே அது பேசியது.

"உங்கள் அக்கா அழைப்புக்கு 'இல்லை' என்று பதில் அளித்துள்ளார். சாப்பாட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துவிடட்டுமா?"

கீழே உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டில் ஒன்று குறைத்துவிடட்டுமா என்கிறது. அதன் மேல் தப்பே இல்லை. அக்காவை நான் அதற்கு அறிமுகப்படுத்தியதே அப்படித்தானே. அவளைப் பற்றி நான் அதனிடம் சொல்லியிருந்த ஒரே விஷயம் அந்தச் சாப்பாடுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "நீ கிளம்பு. வர்றவங்களை நான் பார்த்துக்கறேன்," என்றார்.

தாம்பாளத் தட்டை எடுத்தேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் மல்லி, மஞ்சள். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்தேன். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் செருப்போடு நடக்க எனக்கு மனசு வராது. அவர் பையைப் பார்த்தார்.

"குங்குமம் எடுக்கல?"

நான் மறந்துபோகவில்லை. என் கை தானாக அதை விட்டுவிட்டு வந்திருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்ச் சாமி அறையில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துவந்து பையில் வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கே ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆட்டோ கிடையாது, பஸ் ஊருக்கு வெளியிலேயே நிற்கிறது. நடக்க வேண்டியதுதான். கூட்டம் மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டு நடந்தார்கள். நான் அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தேன். முதல் கிலோமீட்டரில் எல்லாப் பழியையும் மிஷின் மேல் போட்டேன். இரண்டாவதில் சின்ன மாமியார் மேல் போட்டேன். மூன்றாவதில் ஏதோ ஒரு கண்ணாடித் துண்டோ கல்லோ குதிகாலில் ஏறிவிட்டது. அதற்கு மேல் யார் மேலும் போட முடியாமல் நொண்டிக்கொண்டே போனேன்.

பௌர்ணமி தவறாமல் அக்கா தன் வீட்டு வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவாள். பிளட் பிரஷர் பார்க்கிற மிஷின், பஞ்சு, களிம்பு, கட்டுத்துணி. வெறுங்காலோடு நடந்து கொப்பளம் வந்தவர்கள், மயக்கமாக வருகிறது என்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். அன்றைக்கும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு சேலத்துக்காரரின் கையில் பட்டியைச் சுற்றினாள். நானும் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் கடைசியாக உட்கார்ந்தேன். என் முறை வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

என் முறை வந்தது. குனிந்து என் காலைப் பார்த்தாள். அதைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

"காலுக்கு மட்டும் வந்தியா, இல்ல பேசவும் வந்தியா?" என்றாள்.

அந்த 'மட்டும்' என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தப்பா போயிடுச்சுக்கா. அந்த மிஷினு, நான் ஏதோ சொல்ல..."

"மிஷின் மேல பழியப் போடாதடி. அது என்ன பண்ணும், நீ சொன்னதத்தான அனுப்பிச்சுது." சாமணத்தால் துண்டை எடுத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவே இல்லை. "நீ அப்படித்தான் நினைப்பன்னு எனக்குத் தெரியும். நானே வளையல் போட வர்றதா இல்ல. பின்னாடி உக்காந்து பார்த்துட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன். ஆனா நீ பார்க்கறதுக்குன்னுகூட எழுதல. சாப்பாட்டுக்குன்னு எழுதிட்ட. நான் சோத்துக்கா வருவேன் உன் வீட்டுக்கு?"

"பயம்க்கா," என்றேன். "போன தடவை ஆன மாதிரி ஏதாவது..."

"போன தடவை யாரு இருந்தா அவ கூட?"

அக்கா பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தாள். எங்களுக்குப் பின்னால் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

"உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சியா?" என்றாள் பிறகு. "எனக்கும்தான். என் கை பட்டு ஏதாவது ஆயிடுமோன்னு நானே நினைக்கிறேன்டி. இத்தனை புள்ளைங்களைத் தூக்கின கை. அதைப் போய் நானே அப்படி நினைக்கிறேனேன்னு நினைச்சாதான் ஜாஸ்தி வலிக்குது. நீ எழுதினதுகூட அவ்வளவு வலிக்கல."

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், நான் அழுதேன். அவள் கட்டைச் சுற்றி முடித்து, என் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள்.

பையில் இருந்த தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினேன். "நீதான் முதல் வளையல் போடணும். அதுக்குத்தான் வந்தேன்," என்றேன்.

அக்கா சிமிழைப் பார்த்தாள், எடுத்துக்கொள்ளவில்லை. "இப்ப அழுதுட்டு எதை வேணா சொல்லுவ. அன்னிக்கு சபையில உன் சின்ன மாமியார் வாயைத் திறந்தா என்னடி பண்ணுவ? நான் எழுந்து வந்து நடுவுல நிக்கணும், திரும்பிப் போய் உக்காரணும். அது என்னால முடியாது."

"அப்ப வரமாட்டியா?"

"தட்டை வெச்சுட்டுப் போ. பார்க்கலாம்."

தட்டை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலோடு திரும்பி நடக்கவேண்டாம் என்று அன்றைக்கு என்னை அங்கேயே படுக்கச் சொன்னாள். சாப்பாடு போட்டாள், தலையணை கொடுத்தாள். வளைகாப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும், அவள் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தேன். இந்தத் தடவை கையில் மாவு இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துச் சொன்னேன்.

"அந்த வளைகாப்புல கடைசி வரியை எடுத்துடு. மேல, முதல் வரியா, இப்படி எழுது. முதல் வளையல் போடுறது என் அக்கா."

எழுதியது. திரும்பப் படித்துக் காட்டியது. பிறகு கேட்டது: "இந்த மாற்றத்தை அழைக்கப்பட்ட எல்லோருக்கும் தெரிவிக்கட்டுமா, அல்லது உங்கள் நாட்காட்டியில் மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். என்னோடு வைத்துக்கொள்ளலாமே, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு கோழை புத்தி எட்டிப் பார்த்தது.

"எல்லாருக்கும்," என்றேன். "பதினாலு பேருக்கும் அனுப்பு."

பத்து நிமிடத்தில் மகளிடம் இருந்து ஒரே ஒரு முத்தம் வந்தது, போனில் அனுப்புவார்களே அந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராக 'ஆம்' சொன்னார்கள். சின்ன மாமியார் மட்டும் 'இருக்கலாம்' என்று அமுக்கியிருந்தார். அந்த மூன்று பொத்தானில் அவருக்கென்றே செய்த பொத்தான் அதுதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் 'இல்லை' அப்படியே இருந்தது.

மூன்று வாரம் அப்படியே இருந்தது. அக்கா போனை எடுப்பாள், மகளின் உப்புச் சத்து, கால் வீக்கம், மாத்திரை எல்லாம் விசாரிப்பாள். நான் வளைகாப்பு என்று வாயெடுத்தால், "பால் பொங்குது, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிடுவாள். அவள் வீட்டில் அந்த மூன்று வாரம் பொங்கிய பாலுக்கு அளவே இல்லை. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் அது மறுபடி கேட்டது, வராதவரின் பெயரை நீக்கிவிடட்டுமா என்று.

"எடுக்காத," என்றேன். "சாப்பாட்டுலயும் கம்மி பண்ணாத."

"சரி. அவருடைய பெயரை முதல் வரியிலேயே வைத்திருக்கிறேன்," என்றது. அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடி ஹாலில் மகளை நாற்காலியில் உட்காரவைத்தோம். பச்சைப் பட்டு, கழுத்து கொள்ளாமல் மாலை, வேர்வை. தட்டுகளில் கண்ணாடி வளையல்கள். சின்ன மாமியார் முதல் வரிசையில், மகளுக்கு நேர் எதிரே. பத்து மணி ஆனது. பத்தே கால் ஆனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் படிக்கட்டைப் பார்த்தேன். நல்ல நேரம் போகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மகள் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, "பெரியம்மா வரட்டும்," என்றாள்.

பத்து இருபதுக்கு அக்கா ஏறி வந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. யாரையும் பார்க்காமல், செருப்பு விட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவளிடம் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாக்கா. முதல்ல நீ," என்றேன்.

சின்ன மாமியார் திரும்பினார். கெட்ட மனுஷி இல்லை அவர். குரலில் சண்டைகூட இல்லை. "அனுப்பிச்சிருந்தத பார்த்தேன்மா. ஏதோ ஆதங்கத்துல எழுதியிருப்பன்னு நினைச்சேன். முதல்ல சுமங்கலிங்க போட்டுடட்டும். அப்புறமா அவங்க போடட்டும். குழந்தைக்கு நல்லதுன்னுதான சொல்றேன்."

பாதி எழுந்திருந்த அக்கா அப்படியே நின்றாள். அவள் சொன்ன அதே இடம். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் இருந்து அவரை எதிர்த்து நான் பேசியதில்லை.

"அத்தை," என்றேன், "போன தடவை நாம எல்லாருமா சேர்ந்துதான் ஆசீர்வாதம் பண்ணோம். ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரில இவ கையைப் பிடிச்சுட்டு நின்னது எங்க அக்கா ஒருத்திதான். பெத்த நானே வெளிய ஓடிட்டேன். குழந்தைக்கு எது நல்லதுன்னு எங்க அக்காவைவிட இங்க யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவதான் போடுவா."

சின்ன மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அக்கா போவதற்கு வழிவிட்டுத் தன் காலை மடக்கி உட்கார்ந்தார்.

அக்கா நடந்து வந்தாள். மகளுக்கு எதிரே மணையில் உட்கார்ந்து தட்டில் இருந்து ஒரு பச்சை வளையலை எடுத்தாள். அவள் கை நடுங்கியது. வளையல் தட்டின் விளிம்பில் பட்டுக் கிலுங்கியது. எடுத்ததை மறுபடி வைத்துவிட்டாள். மகள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். அவள் மூன்று விரல்கள் தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடியில் அழுந்தின. தன் இடக்கை வாட்சைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அத்தனை பேரும் காத்திருந்தோம். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். எண்ண எண்ண அவள் கை நடுக்கம் நின்றுவிட்டது.

"எண்பத்திரண்டு," என்றாள் மகளைப் பார்த்து. "நல்லா இருக்க."

வளையலை எடுத்தாள். மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்து, வீங்கியிருந்த கையில் வலிக்காமல் அதை ஏற்றினாள். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தேன்.

என் பக்கம் திரும்பாமலே அக்கா சொன்னாள்: "அழாதடி. அடுத்தவங்களைக் கூப்பிடு."